சட்டம் காக்கும் செடிகளைத் தேடி: ஹை பார்க்கிலிருந்து மில்லிக்கன் வரை ஒரு சனிக்கிழமை

ஒரு நிலத்துண்டில் முளைத்திருக்கும் செடிகளைச் சட்டம் பாதுகாக்கிறது என்றால், அந்தச் செய்தி யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்? செடிகளுக்குத் தெரியப்போவதில்லை. அதிகாரிகளுக்குத் தெரிந்தால் போதுமா, பக்கத்தில் குடியிருப்பவருக்குத் தெரிய வேண்டுமா, புல்வெட்டும் இயந்திரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கா? இதற்கு என்னிடம் பதில் இல்லை. பயணத்துக்கு முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வியோடுதான் ஓகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை ரொறன்ரோவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தேன்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் கம்பசில் தாவரவியல் படித்தேன். இங்கே ஒரு காப்புறுதிக் கம்பனியில் கோப்புகள் பார்க்கிறேன். இரண்டு கோடைகாலமாக ஒரு சிறு தன்னார்வக் குழுவுக்கு வெளிக்களப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். குழு நகரத்து நிலத்தை அதன் இயல்பைப் பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறது: மணற் சமவெளி, ஆற்றுப் பள்ளத்தாக்கு, ஏரிக்கரை, சதுப்பு, களிமண் சமவெளி. ஒவ்வொரு வகையிலும் சில புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று கேள்விகள். இந்த மண்ணுக்கு உரிய செடிகள் அங்கே உண்டா? சட்டப் பாதுகாப்பு உண்டா? அந்தப் பாதுகாப்பு நிலத்தில் கண்ணுக்குத் தெரிகிறதா? மூன்றாவது கேள்வியைச் சேர்க்கச் சொன்னது நான். கோப்பில் இருப்பதெல்லாம் நிலத்திலும் இருக்கும் என்று நம்ப என் வேலை எனக்குச் சொல்லித்தரவில்லை.

இருவராகத்தான் போக வேண்டும் என்று குழுவில் ஒரு வழக்கம். என்னோடு வரவேண்டியவர் காலை ஆறு மணிக்கு, மன்னிக்கவும், காய்ச்சல் என்று செய்தி அனுப்பினார். அளவு நாடாவின் மற்ற நுனியைப் பிடிக்க ஆள் இல்லாமல் போனதுதான் என் முதல் கவலை. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சென் ஜேம்ஸ் ரவுணில் என் மாடியிலிருந்து இறங்கி, ஷேர்போர்ன் நிலையத்தில் ஆறு ஐம்பத்தைந்துக்குப் பயண அட்டையைத் தட்டினேன். மூன்று டொலர் முப்பது சதம். இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை தரம் ஏறி இறங்கினாலும் அதே காசுதான். திட்டமிடுபவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள். ஹை பார்க் நிலையத்தில் இறங்கியபோது ஏழு பதினெட்டு. தெருவைக் கடந்தால் பூங்கா.

அங்கே மண் மணல். முன்னொரு காலத்து ஏரிக்கரை அது. கறுப்பு ஓக் மரங்கள் ஒன்றுக்கொன்று இடம்விட்டு நிற்க, இடையில் உயரமான புல்லும் லூபின் செடிகளும். லூபின் ஜூனிலேயே பூத்து முடிந்து, காய்ந்த நெற்றுகள்தான் மிச்சம். சில வருடங்களில் வசந்தத்தில் திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள். நெருப்பில் பழகிய செடிகள் தங்குகின்றன, வந்தேறிய செடிகள் குறைகின்றன. நாடாவை ஒரு மரத்தில் கட்டி, இருபது மீற்றர் விட்டத்தில் வட்டம் போட்டு, குந்தியிருந்து எண்ணினேன். மூன்று கேள்விகளுக்கும் ஆம். கயிறு கட்டியிருக்கிறார்கள், பலகை வைத்திருக்கிறார்கள், பலகையை வாசிக்கவும் ஆட்கள் நிற்கிறார்கள்.

நாயோடு வந்த ஒரு முதியவர், எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, புல்லை எண்ணுகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். பத்து மணிவரை நான் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

எட்டு நாற்பதுக்கு மறுபடி சுரங்க ரயில். இந்தப் பாதையின் மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்கு முனைக்குப் போக நாற்பத்தைந்து நிமிடம். சனிக்கிழமைக் காலையில் பெட்டி காலி. எதிரில் ஒரு பெண் தூங்கினாள். இரண்டு நிலையம் தாண்டி அவளும் இறங்கிவிட்டாள். கெனடி நிலையத்துக்குள்ளேயே பஸ் மாறினேன், திரும்பத் தட்டத் தேவையில்லை. பஸ்ஸில் நான் மட்டும். சாரதி தமிழ். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சூவுக்கோ அக்கா, மிருகங்கள் பாக்க?"

"இல்லை. கீழ பள்ளத்தாக்குக்கு."

"தனியவோ? அங்க உண்ணி இருக்கு. போன கிழமை என்ரை மச்சானை ஒண்டு கடிச்சு ஆசுபத்திரி மட்டும் போனவன்."

"காற்சட்டையைச் சப்பாத்துச் சொக்சுக்குள்ள விட்டிருக்கிறன்."

"அப்ப சரி. ஆள் இல்லாட்டிலும் சொக்ஸ் இருக்கு" என்று தானே சிரித்தார். நானும் சிரித்திருக்கலாம். இறங்கிய பிறகுதான் அது தோன்றியது.

ரூஜ் பள்ளத்தாக்கில் பத்து பதினைந்து முதல் பன்னிரண்டு பத்து வரை இருந்தேன். போகவர மூன்று கிலோமீற்றர் நடை; ஒரு இடத்தில் இறக்கம் செங்குத்து. சரிவில் மேப்பிளும் ஹெம்லொக்கும் நெருங்கி நிற்கின்றன. ஈரமான இடங்களில் இடுப்பளவு ஜுவல்வீட், செம்மஞ்சள் பூக்களோடு. இங்கேயும் மூன்று கேள்விகளுக்கும் ஆம். ஆற்றோரம் ஒரு கல்லில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டேன். யாரும் வரவில்லை. மரங்களுக்கு மேலே, பள்ளத்தாக்கின் விளிம்பில், புது வீடுகளின் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. அதில் எத்தனையோ வீடு நம்முடையவர்களுடையது. ஒரு வீட்டில் இயந்திரத்தால் புல் வெட்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

அந்தக் கல்லில் இருந்தபோது, படிவத்தில் எழுத இடமில்லாத ஒன்று தோன்றியது. சரிவில் யாரும் வீடு கட்ட முடியாது, கார் நிறுத்த முடியாது. அங்கே சட்டம் தாராளமாக இருக்கிறது. சமதரைக் களிமண்ணில்தான் வீடும் கடையும் தரிப்பிடமும் வரும். அங்கேதான் பழைய செடிகள் மிகக் குறைவு, அங்கேதான் சட்டமும் குறைவு. பெருமரம் ஒன்று நின்றால் அதை வெட்ட அனுமதி வேண்டும். ஒரு கைப்பிடி கோல்டன்ரொட் பூச்செடியை வெட்ட எவரிடமும் கேட்கத் தேவையில்லை. பாதுகாத்தோம் என்று நாம் பெருமைப்படுவதில் பாதி, ஒருவருக்கும் தேவைப்படாமல் போன நிலம். இதைக் குழுவிலும் சொல்லியிருக்கிறேன். அமைதியாகக் கேட்டார்கள்.

பன்னிரண்டு இருபதுக்கு இரண்டாவது தடவை காசு. ஷெப்பேர்ட் வீதி பஸ்ஸில் மேற்கே, மிட்லண்டில் மாறி வடக்கே ஸ்ரீல்ஸ் வீதிப் பக்கம். பதின்மூன்று கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட எடுத்தது. மில்லிக்கனில் பஸ்ஸால் இறங்கி நடப்பவர்கள் குறைவு. தரிப்பிடங்களுக்குக் குறுக்காக நடக்கும்போது கார்க்காரர்கள் என்னை ஏதோ கார் பழுதாகிவிட்டவள் போலப் பார்த்தார்கள்.

நான் போன இடம் ஒரு கடைத்தொகுதியின் பின்புறம். அங்கே ஒரு ஊர்ச் சங்கத்துக்குச் சொந்தமாக மண்டபமும், அதற்குப் பின்னால் முப்பதுக்குப் பதினெட்டு மீற்றர் வெறுங்காணியும் உண்டு. வாங்கிய நாளிலிருந்து ஒருவரும் தொடாமல் விட்டதால் அங்கே பழைய களிமண் வெளியின் செடிகள் தங்கியிருந்தன. போன வருடம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்: கோல்டன்ரொட், ஊதா அஸ்ரர், மில்க்வீட், முழங்காலளவில் ஒரு பர் ஓக் கன்று. களிமண் சமவெளி வகையில் எங்கள் பட்டியலில் இந்த வருடம் மிஞ்சியிருந்த ஒரே புள்ளி இது. செடிகள் உண்டு என்று படிவம் சொன்னால், சட்டத்தரணிச் செலவையும் நில அளவைச் செலவையும் ஒரு அறக்கட்டளை ஏற்கும். உரிமையாளர் சம்மதித்தால் காணியின் உறுதிப் பத்திரத்திலேயே, இந்தச் செடிகளை அழிக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை எழுதலாம். காணி கைமாறினாலும் அது போகாது. செடிகள் இல்லை என்று படிவம் சொன்னால் புள்ளி பட்டியலை விட்டுப் போகும்.

அனுமதி கேட்க இரண்டு கிழமைக்கு முன் சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆள் எடுக்காத நேரம் பார்த்து, வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு எடுத்தேன். அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆள் எடுத்தால் எந்த ஊர், ஆருடைய மகள், ஏன் தனிய இருக்கிறாய் என்று போகும். "வணக்கம். உங்கட மண்டபத்துக்குப் பின்னால இருக்கிற காணியைப் பார்வையிட வாற பதினைஞ்சாம் நாள் சனிக்கிழமை ஒண்டரைக்கு வாறம். நன்றி." அவ்வளவுதான் விட்ட செய்தி. பெயர் சொல்லவில்லை, எதற்கு என்றும் சொல்லவில்லை.

மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் திரும்பினேன். ஒரு சின்னப் பந்தல் போட்டிருந்தது. அதற்குக் கீழே வெள்ளை விரிப்பு விரித்த மேசை, மூன்று கதிரை, தண்ணீர்ப் போத்தல்கள். அதற்கு அப்பால் காணி மொட்டையாக இருந்தது. நிலத்தோடு ஒட்ட வெட்டி, கூட்டிப் பெருக்கி, கல்லெல்லாம் பொறுக்கி ஒரு மூலையில் குவித்திருந்தது. சுவரோரம் பதினாறு கடதாசிப் பைகள், வாய் கட்டி வரிசையாக.

சேட்டு இஸ்திரி போட்டு உடுத்திய ஒருவர் எழும்பி வந்தார். சங்கத்தின் செயலாளர், தவராசா அண்ணை. எழுபதுக்குக் கிட்ட இருக்கும். என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வாங்கோ, வாங்கோ. மற்ற ஆக்கள் எங்க? சிற்றியில இருந்து எத்தினை பேர்?"

"நான் மட்டுந்தான் அண்ணை. நான் நகரசபை ஆள் இல்லை."

"அப்ப ஆர் நீங்கள்?"

சுகந்தி, தாவரவியல் படித்தவள் என்று சொன்னேன். பந்தலுக்குள் இருந்த அவருடைய மனைவி விமலா அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணை நான் சொன்னது முழுவதையும் விட்டுவிட்டுக் காணியைக் காட்டினார். "நேற்றுப் பின்னேரம் சிரமதானம். பதினெட்டுப் பேர். பார்வையிட வாறம் எண்டு மெசேஜ் வந்த உடன கொமிற்றியைக் கூட்டிப்போட்டன். புல்லு வளந்தால் சிற்றி நோட்டீஸ் ஒட்டுமெல்லே. பார்க்க வாறவைக்குப் பத்தையைக் காட்டுறதோ?"

"மூண்டு நாளா போன் அடிச்சு அடிச்சு ஆக்களைச் சேத்தவர்," என்றார் விமலா அக்கா. "வீட்டில புல்லு வெட்டச் சொன்னால் மட்டும் முதுகு பிடிக்கும்."

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கிறன். நீங்கள்தான் பதினாறு பை கட்டினது."

காணியை வேலிவரை பார்த்தேன். ஒருவர் வருகிறார் என்றால் இடத்தைத் துப்புரவாக்கிக் கதிரை போட்டு வைப்பதுதான் நம்முடைய முறை. பற்றை வெட்டுவது ஊரில் நல்ல காரியம். பாம்பு போகும், வெளிச்சம் வரும். அவர்கள் பிழையாக எதையும் செய்யவில்லை. ஒரு நாள் முன்பு நான் வந்திருந்தால் போதும், அல்லது அந்தச் செய்தியில் இன்னும் இரண்டு வசனம் பேசியிருந்தால் போதும்.

என் முகத்தை அண்ணை வேறு மாதிரி விளங்கிக்கொண்டார். "ஓம், ஓம், கண்டிட்டியள். அந்த வேலிக்கரை மிச்சம் கிடக்கு. தங்கூசி முடிஞ்சுபோச்சு, அதான் விட்டது. இண்டைக்கு வாங்கியந்திட்டன். ரெண்டு நிமிசம், வெட்டிவிடுறன்." பந்தல் காலில் சாய்த்து வைத்திருந்த இயந்திரத்தைத் தூக்கினார். தங்கூசி என்ற நைலோன் இழை சுழன்று வெட்டும் வகை.

"வேண்டாம்!"

அன்று முழுவதும் நான் பேசியதில் அதுதான் சத்தமாகப் பேசியது. அண்ணை இயந்திரத்தோடு நின்றுவிட்டார். விமலா அக்காவின் கையிலிருந்து ஒரு வெங்காயம் உருண்டு போனது.

அதற்குப் பிறகு சொல்ல வேண்டியிருந்தது. இருந்து, எல்லாவற்றையும், முதலிலிருந்து. வேலிக்கரையில் மிஞ்சியது பதினொரு மீற்றர் நீளம், ஒரு மீற்றருக்கும் குறைந்த அகலம். அதில் கோல்டன்ரொட் மொட்டுக் கட்டியிருந்தது, அஸ்ரர் இரண்டு நின்றது. பைகளைத் திறக்கச் சொன்னேன். விரிப்பை மேசையிலிருந்து எடுத்து நிலத்தில் போட்டு, வெட்டிய தண்டுகளை வகைவகையாகப் பிரித்தோம். அண்ணை ஒரு தடித்த இலையைக் கிள்ளிப் பாலைப் பார்த்தார்.

"எருக்கலை மாதிரியெல்லோ கிடக்கு."

"அதுக்குச் சொந்தந்தான் அண்ணை. ஒரே குடும்பம். இதுக்குப் பேர் மில்க்வீட்."

"எருக்கலையைச் சட்டம் போட்டு ஆர் காப்பாத்துவினம் தங்கச்சி? சொன்னால் ஊரில சிரிப்பினம்."

"அங்க அது நிறைய நிக்குது. இங்க இந்த மண்ணில இது தானா நிக்கிற இடம் எங்கட பட்டியலில வேற இல்லை. உங்கட காணி மட்டுந்தான்."

அவர் பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழாவது பையில் ஓக் கன்று இருந்தது. அடியோடு வெட்டிய கன்று, பென்சில் பருமன். அதை அவர் கையில் கொடுத்து, இது வளர்ந்தால் நூறு, இருநூறு வருடம் நிற்கக்கூடிய மரம் என்றேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் அதைத் திருப்பிப் பைக்குள் போடாமல் கதிரையில் வைத்தார்.

"அப்ப எல்லாம் முடிஞ்சுதோ?"

முடியவில்லை என்பதைத்தான் பிறகு இருவரும் குந்தியிருந்து பார்த்தோம். இயந்திரம் தண்டைத்தான் வெட்டியது, வேரைக் கிளறவில்லை. காணியின் நடுவில் அண்ணை நாடாவைப் பிடிக்க, வெட்டுக் கட்டைகளை எண்ணினேன். மில்க்வீட் கட்டைகளில் இன்னும் பால் கசிந்தது. ஓக் கன்றின் கட்டையும் உயிரோடு இருந்தது. மழை பெய்தால், ஒருவரும் மிதிக்காமல் விட்டால், செப்ரெம்பர் கடைசிக்குள் இலை அடையாளம் காணுமளவுக்குத் துளிர்க்கலாம். துளிர்க்கும் என்று நான் சொல்லவில்லை.

"ஒரு பிரச்சினை இருக்கு," என்றார் அண்ணை. "திங்கக்கிழமை காலமை புல்லுத்தரை வருது. ஓடர் குடுத்தாச்சு. இந்தக் காணி முழுக்க விரிக்கிறது. கொமிற்றித் தீர்மானம்."

"அதை நிப்பாட்டுங்கோ அண்ணை. விரிச்சால் அடியில இருக்கிறது ஒண்டும் எழும்பாது."

"நான் தனிய நிப்பாட்டேலாது. நாளைக்கு ரெண்டு மணிக்குக் கூட்டம். சரி, நிப்பாட்டிப்போட்டு என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யக்கூடாது."

"ஒண்டுமோ?"

"தண்ணி விடவும் வேண்டாம். கூட்டவும் வேண்டாம்."

அண்ணை நெற்றியைத் தடவினார். "தங்கச்சி, நீங்கள் கொமிற்றியில இருந்ததில்லைப் போல. பதினெட்டுப் பேர் வேலை செய்து முடிச்ச இடத்தில ஒண்டும் செய்யாமல் விடுறதை எப்பிடித் தீர்மானமா எழுதுறது? பிரேரிக்கிறது ஆர், ஆமோதிக்கிறது ஆர்? தலைவர் என்னைத் திண்டுபோடுவார்."

"நாளைக்கு வந்து நீங்களே சொல்லுங்கோவன்," என்றார் விமலா அக்கா.

எனக்குக் கூட்டங்கள் சரிவராது என்றேன். அது உண்மை. வந்து இருபத்திரண்டு வருடத்தில் எந்தச் சங்கத்திலும் நான் இல்லை. பதிலாக ஒரு தாளில், எந்தச் செடி, ஏன், எவ்வளவு நாள், உறுதியில் எழுதுவதென்றால் என்ன என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, அடியில் என் தொலைபேசி இலக்கத்தையும் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள், சாப்பிட்டுவிட்டேன் என்றேன். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவர்கள் சோற்றுப் பானையைக் காரில் ஏற்றுவது தெரிந்தது. மூவரை எதிர்பார்த்துச் சமைத்திருக்க வேண்டும்.

நான்கு பத்துக்கு மூன்றாவது தடவை காசு. மொத்தம் ஒன்பது டொலர் தொண்ணூறு சதம், எண்பத்து நான்கு கிலோமீற்றர். வீட்டுக்கு வந்து ஐந்து நாற்பதுக்குப் படிவத்தை நிரப்பினேன். செடிகள் உண்டா என்ற இடத்தில், வெட்டப்பட்டுள்ளன, வேர்கள் உயிரோடு, ஓரத்தில் பதினொரு மீற்றர் மீதம் என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், என் தொலைபேசிச் செய்தி என்று எழுதினேன். கையெழுத்திட்டு அனுப்பினேன்.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஓகஸ்ட் நடுப்பகுதிக்கு முன் போகாதீர்கள், களிமண் செடிகள் பூக்காமல் அடையாளம் பிடிபடாது. ஹை பார்க்கில் கயிற்றைத் தாண்ட வேண்டாம். ரூஜில் சொக்ஸ் அவசியம், தண்ணீர் ஒன்றரை லீற்றராவது வேண்டும். பாதையில் கழிப்பறை எதிர்பார்க்காதீர்கள். தனியார் காணியானால் ஆள் எடுக்கும் நேரத்தில் தொலைபேசி எடுங்கள். பெயரைச் சொல்லுங்கள். எதற்கு வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். எதையும் துப்புரவு செய்ய வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்லலாம், ஒன்றும் ஆகாது.

அடுத்த நாள் நடந்தது இது. காலை ஒன்பதரைக்குக் குழு ஒருங்கிணைப்பாளர் பதில் அனுப்பினார்: புள்ளியைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை, முடிவைச் செப்ரெம்பர் முப்பது வரை நிறுத்தி வைக்கிறோம், திரும்பப் போய்ப் பார்த்துச் சொல்லவும். பகல் முழுக்க வீட்டில் இருந்தேன். உடுப்புத் தோய்த்தேன். இரண்டு மணி தாண்டியதும் தொலைபேசியைச் சமையலறை மேசையில் கண்ணில் படும்படி வைத்தேன். மூன்று பத்துக்குத் தவராசா அண்ணையிடமிருந்து ஒரு படம் வந்தது. கூட்டக் குறிப்புப் புத்தகத்தின் ஒரு பக்கம், நீல மையில், அழகான எழுத்து.

தீர்மானம் நான்கு. புல்லுத்தரை விரிக்கும் வேலை நிறுத்தப்படுகிறது. பின்காணியில் செப்ரெம்பர் முப்பது வரை எவரும் எதுவும் செய்யாதிருத்தல். பிரேரித்தவர்: திருமதி விமலா தவராசா. ஆமோதித்தவர்: ஒருவர் பெயர், எனக்குத் தெரியாதவர். எதிர்ப்பு: தலைவர். பொறுப்பாளர்: சுகந்தி, தாவரவியல். கிழமைக்கு ஒருமுறை வந்து பார்த்து, அடுத்த கூட்டத்தில் அறிக்கையை நேரில் சமர்ப்பித்தல்.

படத்தைப் பெரிதாக்கி இரண்டு தரம் வாசித்தேன். மூன்று நாற்பதுக்கு, ஓம் என்று எழுதி அனுப்பினேன்.